ஒப்புக்கல்லில் நான்கு கைகள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: என் அண்ணன் மகள் யுவராணி, அவள் தம்பி நவநீதன், யுவராணியின் மகள் இலக்கியா, பத்திர எழுத்தர் சங்கிலி, சார்பதிவாளர் அதியமான், பிறகு சென்னியப்பன் என்கிற நான். நவநீதனின் மனைவி தாரணி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரவில்லை. வேறு யாரும் இல்லை. கூடவே இருந்து கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள், இந்த வரிசையில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டுக் காரியத்தை வெளியார் படிக்க எழுதும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பங்குக்காக எங்களில் யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. பெண்களைக் கட்டிக்கொடுக்கும்போது செய்ய வேண்டியதைச் செய்வோம். தகப்பன் காலத்துக்குப் பிறகு அவர்கள் வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உடன்பிறந்தவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சேலையும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். என் சகோதரிகள் அப்படித்தான் செய்தார்கள். அத்தைமாரும் அப்படித்தான். சட்டப்படி அவர்களுக்குச் சமபங்கு உண்டென்பது யாருக்கும் தெரியாததல்ல. தெரிந்தே கொடுத்தார்கள். அதில்தான் பெருமை.

என் அண்ணன் போனபின் மேற்குத் தோட்டம் யுவராணிக்கும் நவநீதனுக்கும் பொதுவில் நின்றது. நவநீதன் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்த சமயம், பத்திரத்தை முடித்துவிடலாம் என்ற பேச்சை எடுத்தவள் யுவராணிதான். அவள் புருஷன் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்து வருகிற துணியைச் சரிபார்க்கும் வேலை. மகளோடு லைன் வீட்டில் குடியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள்.

“யாராச்சும் கேட்டு நாங் கொடுத்தா அது கொடுத்ததாகுமுங்களா சித்தப்பா? நானா வந்து சொல்றனுங்க. தம்பி பையன் கல்யாணத்துக்கு முந்தி முடிச்சுப்போடுங்க.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அண்ணன் மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

சம்மதச் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. எல்லாப் பத்திரங்களிலும் ‘முழுமனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்றொரு வரி இருக்கும். அந்த வரி பொய் என்று சொல்லி ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குப் போட்டதால், சர்க்கார் ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் ஒரு கருவியை வைத்தது. கருப்பாக, மசாலா அரைக்கும் அம்மி அகலத்தில் ஒரு பலகை. அதற்கு நீளமாக ஒரு அரசுப் பெயர் உண்டு. ஜனங்கள் ஒப்புக்கல் என்பார்கள்.

சங்கிலி தமாஷ்காரர். யுவராணி அந்தக் கல்லைப் பார்த்து ஒதுங்கி நின்றதும், “பயப்படாதீங்கம்மிணி, கரண்ட் அடிக்காது. இத்தனை வருசத்துல கடிச்சதுமில்லை” என்றார்.

“என்னத்தைப் பாக்குமுங்க இது?”

“நம்ம வாய் சொல்றதுக்கு மனசு ஒத்துப்போவுதான்னு பாக்கும். அவ்வளவுதான்.”

“பொய் சொன்னாக் கண்டுபுடிக்கற மிஷினுங்களா?” என்று இலக்கியா கேட்டாள்.

“அது வேற கண்ணு. பொய்யை மனசாரச் சொன்னா இது விட்டுரும். பயம், கட்டாயம், அரைமனசு, இதுகளைத்தான் புடிக்கும். அப்படிப் பாத்தா எங்க தொழிலுக்கு இதால ஒண்ணும் பாதகமில்லை.”

சார்பதிவாளரே சிரித்துவிட்டார்.

“நானும் கையை வெக்கோணுமுங்களா?” என்றான் நவநீதன்.

“நாலு பேரும் வெக்கோணும். கொடுக்கறவங்க, வாங்கறவங்க, சாட்சி ரெண்டு பேரு. கொடுக்கற பொம்பளைய மட்டும் வெக்கச் சொன்னா என்னாகும்? செவப்பு வந்தா ஊட்டுக்குப் போயி அவளைத்தான் மிதிப்பாங்க. அதனால நாலு கையையும் ஒண்ணா வாங்கிக்கும். எத்தனை கைக்கு மனசில்லைன்னு புள்ளி காட்டும். எந்தக் கைன்னு காட்டாது. மத்த மூணு கையும் ஒரு மறைப்புத்தானுங்க.”

சாட்சிகள் நானும் சங்கிலியும். நான்கு கைகளும் கல்லின் மேல் இருந்தன. அதியமான் பத்திரத்தைப் படித்து முடித்து, ஒவ்வொருவரையும் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றோம். கல்லின் ஓரத்தில் மூன்று பச்சைப் புள்ளிகள் வந்தன. ஒன்று சிவப்பாக வந்தது.

எல்லோரும் யுவராணியைப் பார்த்தோம்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். “காலையில சாப்புடாம வந்தனுங்க சார். அதனால இருக்குமுங்க.”

“அதுக்கெல்லாம் வராதுங்கம்மா. பரவால்ல, ஒரு மாசம் கழிச்சு மறுபடி வாங்க” என்றார் அதியமான். நல்ல மனிதர். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. இரக்கப்படும்படி எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு அரசாங்க அறையில் நிற்கிறாளே என்று எனக்கு உடம்பு கூசியது.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். யுவராணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சாப்பிடாமலே போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் பங்காளி வீடுகள் பூராவும் செய்தி போய்ச் சேர்ந்தது. தாரணி தன் தாய்வீட்டுக்குச் சொன்னாளோ, சங்கிலி டீக்கடையில் சொன்னாரோ, நான் விசாரிக்கவில்லை.

அந்த வாரமே நவநீதன் என்னிடம் வந்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான்.

“சித்தப்பா, அதை விட்டுரலாமுங்க. பொதுவுலயே கெடந்துட்டுப் போவுது.”

“இப்ப விட்டா ஊரு என்ன சொல்லும்? யுவராணி கொடுக்க மாட்டேன்னுட்டா, தம்பி வாயை மூடிட்டு வந்துட்டான்னு சொல்லும். அவ பேருக்காகவாச்சும் நீ மறுபடி போயி நிக்கோணும்.”

“அக்காளுக்கே அங்க கஷ்ட சீவனமா இருக்குதுங்க...”

“அதை அவகிட்டப் போய்ச் சொல்லிப் பாரு. அப்பறம் சாகற வரைக்கும் உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டா. கொடுக்க வர்றவளைப் பார்த்து, நீ இல்லாதவ, நீயே வெச்சுக்கன்னு சொல்லுவியா? உங்கப்பன் உசுரோட இருந்தா உன்னைய அடிச்சிருப்பான்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். நான் சொன்னதில் தவறு இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவைக்கு முன்னால் இலக்கியா எங்களைச் சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப்போனாள். பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இலவசம். அங்கே பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருந்தது என் வாழ்நாளில் முதல் தடவை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், மகனுக்கு எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க வழியிருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, மகன் நல்லவன்தான் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு பெண், வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மூடினால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்று கேட்டாள். இன்னொருவன், போலீசில் புகார் எழுதிக் கொடுத்தால் நகல் தர வேண்டுமா வேண்டாமா என்றான். தலைக்கு முக்காடிட்ட ஒரு வக்கீல் பெண் எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொன்னாள். பெயர் ஹசீனா.

யுவராணி தன் கேள்விகளை வரிசையாகக் கேட்டாள்.

“எனக்குப் பதிலா வேற ஒருத்தருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்து, அவிய கையை வெச்சா ஆவாதுங்களா?”

“அந்த அதிகாரப் பத்திரத்துக்கே உங்க கை கல்லுல வேணும்மா.”

“தானமா எழுதினா?”

“அதுக்கும் கல்லு உண்டு.”

“உயிலுங்க?”

“உயிலுக்கும்தான். ஆனா உயில்ல வாங்குறவங்க கை வேண்டாம். நீங்களும் சாட்சிகளும் போதும்.”

“உயிலெல்லாம் சாவற நேரத்துக்கு. தம்பி பையன் கல்யாணத்துக்குள்ள வேணும்” என்றேன் நான். யுவராணி ஆமோதித்தாள்.

இலக்கியா பொறுக்காமல், தாத்தா முறையான என்னைப் பார்த்து, “அம்மாவுக்கு உள்ளுக்குள்ள மனசில்லைன்னா எதுக்குங்க அப்புச்சி கட்டாயப்படுத்தணும்? அது அவங்க பங்குதானே?” என்றாள்.

“வாயை மூடு புள்ளை!” என்று யுவராணி அதட்டினாள். “யாரு கட்டாயப்படுத்தறா? எனக்கு மனசிருக்குது.”

ஹசீனா யுவராணி பக்கம் திரும்பினாள். “உங்களுக்குச் சந்தேகம் இருந்தா ஒண்ணு செய்யலாம்மா. அவங்கவங்க கை என்ன சொல்லுச்சுன்னு அவங்கவங்க மட்டும் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. உள் அறையில தனியா உக்காந்து கேக்கலாம். வேற யாருக்கும் தெரியாது.”

யுவராணி எழுந்து நின்றாள். “என்ற மனசு என்னன்னு அந்தக் கல்லுகிட்டப் போயிக் கேக்கறதுங்களா? அப்பிடிக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கோணும்னா நான் எதுக்குங்க மனுசின்னு இருக்கறது? வேண்டாமுங்க.”

எங்கள் குடும்பத்துப் பேச்சு அது. நானும் அவளோடு எழுந்துவிட்டேன். மற்றவர்கள் தங்கள் தங்கள் கையைக் கேட்டுக்கொள்ளலாமே என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற என்ன இருக்கிறது? சிவப்பு யாருடையது என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

இரண்டாம் தடவையும் ஒரு சிவப்பு.

அதன் பிறகுதான் யுவராணி தன்னைத்தானே தோண்ட ஆரம்பித்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து, தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு சொன்னாள்:

“சின்னப் புள்ளையில நாங்க ரெண்டு பேரும் இங்க வெளையாடறப்ப, இந்தக் கெணத்துப் பக்கம் எனக்கு, அந்த வேலிப் பக்கம் உனக்குன்னு கோடு போட்டுப் பிரிச்சுக்குவோமுங்க. எப்பவும் நாந்தான் கெணத்துப் பக்கம் கேட்டு அழுவேன். அதுதான் உள்ள எங்கியோ ஒட்டிட்டு இருக்குமோ என்னமோ.”

“அட, சின்னப் புள்ளை வெளையாட்டை எவ நெனச்சுட்டு இருக்கறா.”

“கல்லு நெனச்சுட்டு இருக்குதுங்களே சித்தப்பா.”

குலதெய்வம் கோயிலுக்குப் போய் முடி கொடுத்தாள். தனக்கு எதன் மேலும் ஆசை இல்லை என்று காட்ட, நவநீதன் கல்யாணத்து இணைச்சீரில் அவன் தனக்கு எடுத்துக் கொடுத்த கூறைச்சேலையைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு அவன் கூடப்பிறந்தவள் துணையாக நிற்கிற சீர் அது. அந்தச் சேலையைப் பெண்கள் கடைசிவரை வைத்திருப்பார்கள். சேலை விஷயம் இலக்கியா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் சிவப்பு வந்தால் பத்திரத்தை நிறுத்தி வைப்பார்கள். விசாரணை, கோர்ட்டு என்று போக வேண்டும். யுவராணி மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதியமான் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். சங்கிலி அன்றைக்குத் தமாஷ் எதுவும் பேசவில்லை. கையை வைக்கும் முன் அவள் கண்ணை மூடி வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டாள். சம்மதமா என்று கேட்டபோது, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி, “முழுச் சம்மதமுங்க” என்றாள்.

மூன்று பச்சை. ஒரு சிவப்பு.

அவள் கையை எடுக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவநீதன், “அக்கா, வா போலாம்” என்று தோளைத் தொட்டான். அவள் அவன் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அக்காள் தம்பியைக் கும்பிடுவது எங்களில் கிடையாது.

“என்னைய மன்னிச்சிரு சாமி. எனக்குள்ள ஒரு திருடி இருக்கறா. எனக்கே தெரியாம இருந்திருக்கறா.”

“அப்பிடியெல்லாம் சொல்லாதக்கா...” என்று ஆரம்பித்தவன் அதற்கு மேல் பேச முடியாமல் நின்றான். அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனுக்கே தெரிந்திருந்ததா என்பதை நான் சொல்ல முடியாது.

நவநீதன் மகன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. அத்தைக்காரி செய்ய வேண்டியதை ஒரு தூரத்துச் சொந்தத்தை வைத்துச் செய்தோம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அது உண்மையாகவும் ஆனது. பஞ்சுத் தூசியில் பல வருஷம் நின்றதால் நுரையீரல் கெட்டுப்போயிருந்ததாக டாக்டர் சொன்னாராம். நவநீதன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழமும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு போனான். அவனைக் கண்டதும் யுவராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபமில்லை, வெட்கம் என்று இலக்கியா சொன்னாள். அவன் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். மறுபடி போனபோதும் அப்படியே. அடுத்துப் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

இறந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவது உடன்பிறந்தவன் கடமை. நவநீதன் புதுச் சேலையை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நின்றான். நான் அவன் பின்னால். இலக்கியா வழியை மறித்து நின்றாள். சுற்றிலும் கம்பெனிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா உங்களுக்கு மனசோட கொடுக்கலைன்னுதானே மாமா ஊர் பூரா பேச்சு. கொடுக்காதவகிட்ட நீங்க எதுக்குக் கொண்டாந்து போடறீங்க?”

“கண்ணு, அப்பிடி நான் சொன்னதே இல்லியே.”

“இல்லைன்னும் சொல்லலியே மாமா. ஒரு தடவையாச்சும், யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

 சாவு வீட்டில் சச்சரவு வேண்டாம் என்று நான் குரலை உயர்த்தினேன். என் வயசுக்கு மரியாதை கொடுத்து அவள் ஒதுங்கினாள். கோடி போட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் இலக்கியா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அப்புச்சி, அம்மா மூணு வாட்டி அந்த வக்கீலம்மா ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்காங்க. தன்னோட கை என்ன சொல்லுச்சுன்னு கேக்கறதுக்கு. உள்ள போகப் பயம். எங்கிட்ட ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இப்ப நான் கேக்கலாமா? மகளுக்கு அந்த உரிமை உண்டான்னு கேட்டுச் சொல்றீங்களா? நான் தனியாப் போனா அழுதுருவேன்.”

போனோம். நவநீதனையும் வரச் சொல்லியிருந்தாள். ஹசீனா மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுந்து வந்து, இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“முடியாதும்மா. அவங்க பங்கு உனக்கு வரும், நகை வரும், வர வேண்டிய பி.எஃப். வரும். மனசு வாரிசுக்கு வராது. அம்மா கை என்ன சொல்லுச்சுன்னு இனிமே யாருமே கேக்க முடியாது.”

“வேற வழியே இல்லீங்களா?”

ஹசீனா தயங்கினாள். எங்களைப் பார்த்தாள். “ஒரு வழி இருக்கு. கை வெச்சதுல மூணு பேர் இருக்காங்க. அவங்கவங்களோடதை அவங்க கேட்டு, அவங்களா உங்கிட்டச் சொன்னா, மிச்சம் தானாத் தெரிஞ்சுடும். ஆனா இலக்கியா, மூணும் பச்சைன்னா அது உங்க அம்மாவோடதுன்னு உறுதியாயிடும். சந்தேகத்துலயே இருக்கறது நல்லதா, தெரிஞ்சுக்கறது நல்லதான்னு நீதான் சொல்லணும்.”

“தெரியணும்” என்றாள் இலக்கியா. “திருடின்னா திருடிதான். எங்கம்மா எனக்குத் திருடியா இருந்துட்டுப் போகட்டும்.”

சங்கிலியைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் உள் அறைக்குப் போய், காதில் கருவியை மாட்டிக் கேட்டுவிட்டு வந்து, “எனக்கு மூணு தடவையும் பச்சைங்க” என்றார். அடுத்து நான் போனேன். ஒரு பெண் குரல் தேதியைச் சொல்லி முடிவைச் சொன்னது. எனக்கும் மூன்று தடவையும் பச்சை. என் அண்ணன் மகள் லைன் வீட்டில் இருந்துகொண்டு தன் பங்கை விட்டுக் கொடுத்த அந்த மூன்று நாளும், கொஞ்சமும் அரைமனசு இல்லாமல் நான் சாட்சியாக நின்றிருக்கிறேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. உள்ளது அதுதான்.

நவநீதன் உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை. அந்தக் குரலை அவன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து, எங்களில் யாரையும் பார்க்காமல், பெஞ்சில் உட்கார்ந்தான்.

“என்ற கைதானுங்க” என்றான்.

“எப்ப?” என்றேன்.

“மூணு வாட்டியும்.”

 சங்கிலி வெளியே போய்விட்டார். நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“வாங்கிக்கோணும்னுதானுங்க நெனச்சேன் சித்தப்பா. அக்கா ஆசையாக் கொடுக்கறா, வாங்கிக்கோணும்னுதான் நெனச்சேன். கல்லுகிட்டப் போறதுக்கு முந்தி எல்லாரும் செருப்பைக் கழட்டி வெச்சமில்லீங்களா. அவ செருப்பு வாரு அந்து, ஊக்குப் போட்டு மாட்டியிருந்துது. எனக்கு அதுதான் கண்ணுல நின்னுது. அடுத்த வாட்டி வேற செருப்புப் போட்டுட்டு வந்திருப்பாளோன்னு பாத்தேன். அதே செருப்பு. வேண்டாம்க்கா, நீயே வெச்சுக்கோன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொன்னா இல்லாதவன்னு சொன்னாப்பல ஆயிரும், அசிங்கப்படுத்தினாப்பல ஆயிரும்னு முழுங்கிட்டேன். நான் முழுங்கினது அந்தக் கல்லுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. எனக்குத்தான் தெரியலை. அவளைத்தான்னு நானும் நெனச்சேன். நானுந்தான் நெனச்சேன்.”

இலக்கியா அவன் முன்னால் போய் நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“இதை எங்கம்மா காதுல விழற மாதிரி ஒரு வாட்டி சொல்லியிருக்கலாமே மாமா” என்றாள். அவ்வளவுதான். பிறகு பெஞ்சில் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

ஹசீனா வரிசையில் அடுத்து நின்றவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

தோட்டத்துப் பட்டாவில் இப்போது இலக்கியாவின் பெயரும் நவநீதனின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. அவள் விற்கவில்லை, பங்கு பிரிக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. அறுவடைக்கு வருவாள். நவநீதன் வீட்டில் சாப்பிடுவாள். அவனோடு அதிகம் பேச்சில்லை. எங்கள் குடும்பத்தில் இனி எந்தப் பெண்ணிடமும் விடுதலைப் பத்திரம் கேட்கக்கூடாது என்று பங்காளிகளைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். சிலருக்கு வருத்தம். என் முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேசவில்லை.

யுவராணி மகள் பேச்சைக் கேட்டுக் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டாள், பிறந்த வீட்டுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்று கல்யாண வீடுகளில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். யுவராணி மூன்று தடவையும் முழுமனதோடு கொடுத்தாள். சிவப்பு நவநீதனுடையது.